பெல் அடிக்கும் உரிமையும் பிரிவு 368-ம்

1. பத்து நிமிடம்

இந்த யோசனை எனக்கு வந்தது ஒரு செப்டம்பர் மாத மதியம். ஆமத்தூர் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் நான் சூப்பர்வைசர். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டுச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. கூடவே குரூப் டூ தேர்வுக்கும் படிக்கிறேன். சாப்பாட்டுப் பையில் எப்போதும் அரசமைப்புச் சட்டப் புத்தகம் இருக்கும். அதனால் எல்லாருக்கும் நான் 'கலெக்டர் தம்பி'.

அன்று ஆபீஸ் அறையில் அரசியல் நிர்ணய சபைப் பாடத்தில் மூழ்கியிருந்தேன். மேற்கே இடி உருண்டது. இடி கேட்டால் வெடிமருந்து வேலையை அப்படியே போட்டுவிட்டு ரூமை விட்டு வெளியேற வேண்டும். எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தரும் பாடம் இது. ஆனால் பெல் அடிக்கவில்லை. பெல் அடிக்கும் அதிகாரம் போர்மேன் சீனி அண்ணன் ஒருவருக்குத்தான். அவரோ பின் கேட்டில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால், வெடிக்கு மருந்து செலுத்தும் பதினாலாம் ரூமில் நான்கு பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ஏன்க்கா இன்னும் உள்ள இருக்கீக?"

"பெல்லு அடிக்கலையே தம்பி" என்றார் முத்துமாரி அக்கா. "போன சீசன்ல பெல்லுக்கு முந்தி எந்திரிச்சதுக்கு ஒரு நாள் வேலை கெடையாதுன்னு அனுப்பிட்டாக. நீங்கதான அங்கன நின்னு பாத்துக்கிட்டு இருந்தீக?"

நான் பொறுப்பு என்று சொல்லி அவர்களை வெளியே கூட்டி வந்தேன். அதற்கும் பத்து நிமிடம் கழித்துத்தான் பெல் அடித்தது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் ஒவ்வொரு ரூம் வாசலிலும் பெயின்டில் எழுதியிருக்கும்: இத்தனை பேருக்கு மேல் உள்ளே கூடாது. நான்கு பேர் உள்ள ரூமுக்கு முதலாளியே வந்தாலும் ஒருவர் வெளியே வந்தாக வேண்டும். முதலாளியையும் கட்டுப்படுத்தும் எழுத்து அது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது தோன்றியது. பெல்லுக்கும் அப்படி ஒரு எழுத்து வேண்டும். நாடே அப்படித்தானே உட்கார்ந்து எழுதிக்கொண்டது?

2. முதலாளி, போர்மேன், நான்

தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்த நாட்களில் முதலாளியைப் பார்த்து, ஆபத்தென்றால் யாரும் பெல் அடிக்கலாம் என்று எழுதி வைக்கக் கேட்டேன்.

"ஏலே, ஆளாளுக்குப் பெல்லு அடிச்சா கம்பெனி நடக்குமாலே?"

சீனி அண்ணனுக்கு அதைவிடக் கோபம். "பதினெட்டு வருசமா பெல்லு என் கையில இருக்கு. நேத்து வந்த பய புத்தகத்தப் படிச்சிட்டு அதப் பிடுங்குறானா?"

நான் படித்ததைச் சொன்னேன். அரசியல் நிர்ணய சபையில் ஏறத்தாழ மூன்று வருடம் பேசியிருக்கிறார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்களைக் கொடுத்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சபையில் பேசித் தீர்த்திருக்கிறார்கள். யாருக்கும் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஒருவருக்கு அதிகாரம் கொடுத்தால், அதைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை இன்னொருவருக்குக் கொடுத்தார்கள்.

"அப்போ எனக்கு என்ன குடுப்ப?" என்றார் சீனி அண்ணன்.

அங்கேதான் வழி திறந்தது. மூன்று நாள் பேச்சில் முடிவானது இது: ஆபத்து என்று பட்டால் யாரும் பெல் அடிக்கலாம். திரும்ப உள்ளே போகச் சொல்வது போர்மேன் மட்டும். பெல் அடித்தவரை அன்றைக்கு யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கேட்பதை மறுநாள் எல்லார் முன்னிலையிலும் கேட்க வேண்டும்.

முதலாளி ஒரு நிபந்தனை வைத்தார். "எல்லா ரூமும் கையெழுத்துப் போடணும். ஒரு ரூம் போடலேன்னாலும் பழையபடிதான். பெறகு எங்கிட்ட வரக் கூடாது."

3. பேனா ஓடாத தாள்

நான் செய்த தப்பு சிவகாசிக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. இங்கே அச்சடிப்பது அவ்வளவு சுலபம். நண்பனின் பிரஸ்ஸில் கொடுத்து, விதிகளோடு வெளியேறும் வழியையும் நானே சேர்த்து நாலு கலரில் அடித்து, பளபளவென்று லேமினேஷன் போட்டு, காலண்டருக்கு வைக்கும் தகரப் பட்டியையும் மேலே வைத்து வாங்கி வந்தேன். கம்பெனி திறந்த பூஜை அன்று சாப்பாட்டு ஷெட்டில் மாட்டி, பக்கத்தில் கையெழுத்து நோட்டையும் வைத்தேன்.

முத்துமாரி அக்கா நிதானமாக வாசித்தார். பிறகு பேனாவை எடுத்துத் தாளின் மேலேயே எழுதப் பார்த்தார். லேமினேஷனில் பேனா வழுக்கியதே தவிர எழுதவில்லை.

"பேனா புடிக்க மாட்டேங்குதே, கலெக்டர் தம்பி. தப்பு இருந்தா எங்கன எழுதுறது?"

"என்ன தப்புக்கா?"

"பெல்லு அடிச்சதும் எல்லாரும் மெயின் கேட்டுக்குப் போகணும்னு போட்டிருக்கீக. எங்க ரூம்ல இருந்து கேட்டுக்குப் போற வழியிலதான அம்புட்டு சரக்கும் காயுது? இடி இடிக்கையில அதைத் தாண்டியா ஓடச் சொல்லுதீக? எங்களுக்குத் தெக்க தண்ணித் தொட்டிப் பக்கம்தான் போகணும். இம்புட்டு அழகா அடிச்சீகளே, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

ஷெட்டே சிரித்தது. பதினாலாம் ரூம் கையெழுத்துப் போடவில்லை. அதைப் பார்த்து மற்ற ரூம்களும் நோட்டை மூடிவிட்டன. மூன்று நாள் பேச்சு மூன்று நிமிடத்தில் போயிற்று. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். நாட்டின் வரைவை அச்சடித்து எட்டு மாதம் மக்கள் பார்வைக்கு விட்டிருக்கிறார்கள். அந்த வரியை நான் அடிக்கோடிட்டிருந்தேன், அவ்வளவுதான் செய்திருந்தேன். பிரிவு 368 புத்தகத்தின் பின்பக்கம் இருந்தது. அங்கே நான் இன்னும் போய்ச் சேரவே இல்லை. அன்றுதான் படித்தேன். சில விஷயங்களைச் சாதாரணச் சட்டத்தாலேயே மாற்றலாம். பெரும்பாலானவற்றுக்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். மாநிலங்களின் அதிகாரத்தைத் தொடுவதென்றால் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். தாங்கள் எழுதியதில் தப்பு இருக்கலாம் என்று, எழுதியவர்களே ஒப்புக்கொண்டு வைத்த கதவு அது.

மறுநாள் வெள்ளைத் தாளோடு போனேன். ஒரு ரூம் வெளியேறும் வழியை அந்த ரூம்காரர்களே சாக்பீஸால் எழுதி, போர்மேனிடம் காட்டினால் போதும். மற்ற விதிகளை மாற்ற ரூமுக்கு ஒருவராக வந்து, மூன்றில் இரண்டு பங்கு பேர் கை தூக்க வேண்டும். பெல் விதியை மாற்றுவதானால் அதோடு பாதி ரூம்களாவது கூடித் தனியாகச் சம்மதிக்க வேண்டும். முதலாளி மட்டும் நினைத்தால் முடியாது.

தாள் ஒரு வாரம் ஷெட்டில் தொங்கியது. பென்சிலையும் நூலில் கட்டி வைத்தேன். எட்டாம் நாள் முதல் கையெழுத்து பதினாலாம் ரூமுடையது. கடைசியாக முதலாளி.

4. நாற்பது நிமிடம்

டிசம்பரில் ஒரு நாள் ஆனைக்குட்டம் பக்கம் மின்னியது. முத்துமாரி அக்கா ஓடி வந்து பெல் அடித்தார். எல்லாரும் வெளியே. மழை ஒரு சொட்டு இல்லை. ஆர்டர் நெருக்கடியில் நாற்பது நிமிடம் வீண். முதலாளி கார் வந்து நின்றது.

"யார்லே அடிச்சது?"

முன்னால் வந்து நின்றவர் சீனி அண்ணன். "நாளைக்குக் கேளுங்க மொதலாளி. அப்படித்தான் எழுதியிருக்கு."

முதலாளி அவரையே பார்த்தார். பிறகு காரில் ஏறிவிட்டார். மறுநாள் காலை எல்லார் முன்னிலையிலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஒங்க ரூம்ல இருந்து ஓடியாந்து பெல்லு அடிக்க எம்புட்டு நேரம் ஆச்சும்மா?"

"மூச்சு வாங்குற அளவுக்கு ஆச்சு மொதலாளி."

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: விதி எழுதினால் கூடவே பென்சிலையும் கட்டி வையுங்கள். எனக்கு அதைப் புரியவைத்த அந்த வழுக்கும் பேனாவுக்கும், கதவு வைத்துப் போன அந்தச் சபைக்கும், "நாளைக்குக் கேளுங்க" என்று சொன்ன சீனி அண்ணனுக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

நம் அரசமைப்பு நடைமுறைக்கு வந்து ஒன்றரை வருடத்துக்குள் முதல் திருத்தம் வந்துவிட்டது. எங்களுக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தெற்கே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இரண்டாவது பெல் வேண்டும் என்று தாளில் பென்சிலால் எழுதியிருக்கிறது. எழுதியவர் சீனி அண்ணன். வரும் திங்கட்கிழமை கை தூக்குகிறோம். ஜெயித்தால், அடுத்து சாத்தூரில் இருக்கும் எங்கள் இன்னொரு யூனிட்டுக்குப் போகப் போகிறேன், வெற்றுத் தாளோடு.

முத்துமாரி அக்காவும் கூட வருகிறேன் என்றிருக்கிறார். "நான் வரலேன்னா நீங்க திரும்பவும் பிரஸ்ஸுக்குப் போயிருவீக" என்கிறார்.