குருவம்மாள் நேர்ந்த கிடா

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? இது நடந்தது பட்டப்பகலில். குற்றாலத்தில் சாரல் தூறிக்கொண்டிருந்தது. சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

குருவம்மாளின் மகன் முத்துச்செல்வத்துக்கு இரண்டு கிட்னியும் போச்சு. தென்காசி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுப்பார்கள். இலத்தூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சிப் பண்ணை. அவன் உடம்பு செல்லை ஆட்டுக் கருவில் வைத்து, அந்த ஆட்டுக்குள்ளேயே அவனுக்கென்று ஒரு கிட்னி வளர்த்தார்கள். ஆட்டை யாருக்கும் காட்டவில்லை. அது தேறினால்தான் இவன் பிழைப்பான். பெற்றவள் சும்மா இருப்பாளா? காரியம் ஜெயிக்க வேண்டும் என்று சுடலைமாடனுக்குக் கிடா நேர்ந்தாள். ஆபரேஷனுக்கு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அவள் தம்பி அய்யாக்குட்டி சுரண்டையில் யாரிடமோ மலிவாகப் பிடித்துவந்தான். செம்மறிக் கிடா. விலா ஓரத்தில் மயிர் மழித்திருந்தது. காது கிழிந்திருந்தது. சொறிக்கு மருந்து போட்டிருப்பான், விடு என்றான்.

கோயிலில் இலைக்குழையை நீட்டினால் தின்னவில்லை. குருவம்மாளையே பார்த்தது. அவள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது.

மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால்தான் சாமி சம்மதம். அப்புறம்தான் வெட்டு. இது துலுக்கவில்லை. தரையில் சிந்திய தண்ணீரை நக்கியது... நக்கிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் கேட்டது.

“எம்மா... ஒரு மடக்குத் தண்ணி...”

மகன் குரல். திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அவன் தூங்குகிறான், தூக்கத்தில் தண்ணீர் கேட்டுப் புலம்புகிறான் என்றாள் நர்ஸ் மாஜிதா.

“ஏலே, இது வேண்டாம்லே. மனசு சரியில்ல.”

“நேந்தத நிறுத்துனா மருமவனுக்குத்தான் கேடு, எக்கா.”

பாழாய்ப்போன சொல். அதற்குத்தான் அவள் அடங்கிப்போனாள். குடத்தை அவளே வாங்கிக் கிடாவின் தலையோடு கவிழ்த்தாள்.

துலுக்கியது.

வெட்டு விழுந்தது.

“எம்மா...”

வேறு யாருக்கும் கேட்கவில்லையாம்.

பந்தியில் இருந்தபோது பண்ணை டாக்டர் போன் செய்தார். நாலு நாளாக அந்த ஆட்டைக் காணோமாம். வேலைக்காரன் எவனோ களவாண்டு சுரண்டையில் விற்றுவிட்டானாம். வேறு ஆட்டில் வளர்க்கலாமே என்று குருவம்மாள் கேட்டாள்.

“அத்தனை கருவுல அது ஒண்ணுதாம்மா பிழைச்சுது. இனிமே வளர்க்க உங்க பையனுக்கு நாள் இல்ல.”

அவள் இலையில் கறி பாதி தீர்ந்திருந்தது.