என் கோட்டும் அண்ணனின் கீபோர்டும்

எனக்கு நடந்த அநியாயத்தை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? பத்து வயதுப் பெண் ஒருத்தி தன் கோட்டை வெட்டி, விரலைக் கிழித்துக்கொண்டு, அம்மாவிடம் அடியும் வாங்கி, வீட்டிலிருந்த பழைய கீபோர்டைச் சரிசெய்தாள். அதற்குக் கிடைத்த மரியாதை என்ன என்று கேளுங்கள்.

வடக்கே, சரோஜினி நகரில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இரண்டே அறைகள். அப்பாவுக்கு இரவு வேலை. மாலை ஆறு மணிக்கு டிபன் டப்பாவோடு பஸ் ஏறினால் காலையில்தான் வருவார், பகலெல்லாம் தூங்குவார். பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன் பள்ளி முடிந்து இரண்டு மணிக்கு வருவான். அப்பா எழுந்திருக்கும் நேரத்துக்கு டியூஷனுக்குப் போயிருப்பான். நடுவில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் கீபோர்டு வாசிப்பான். பம்பாய் மாமா பல வருஷம் வாசித்துத் தேய்த்துவிட்டு எங்கள் தலையில் கட்டியது அது. தூக்கம் கெடக் கூடாதே என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வான். ஆகவே பாட்டு அவனுக்கு மட்டும். கட்டைகள் கீழே இடிக்கும் ‘டக்கு டக்கு’தான் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு.

கோடையில் கூலர் இரைச்சலில் அது யார் காதிலும் விழாது. குளிர்காலம் வந்து கூலரை மூடி வைத்த பிறகு, டக்கு டக்கு வீடு முழுக்கக் கேட்டது. தினமும் ரஜாய்ப் போர்வைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வரும்.

“ஏலே, அந்த டக்குடக்க நிறுத்துதியா, இல்ல கபாடிக்காரங்கிட்ட தூக்கிப் போடட்டுமா?”

கபாடிக்காரன் ஞாயிறுதோறும் பழைய பேப்பரும் இரும்பும் எடுக்க வருவான். பரீட்சை முடிந்ததும் எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதாக அண்ணன் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். கீபோர்டு கபாடிக்குப் போனால் அந்தச் சத்தியமும் அதோடு போகும். அண்ணனோ கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. அப்பா கத்துவார், இவன் மறுநாளும் தட்டுவான். இந்த வீட்டில் பொறுப்புள்ளவள் நான் ஒருத்திதான் என்று முடிவுசெய்தேன்.

மார்க்கெட்டில் ரேடியோ ரிப்பேர் செய்யும் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். “ஃபெல்ட் கதம் ஹோ கயா, பேட்டி” என்றார், ஃபெல்ட் தேய்ந்து தீர்ந்துவிட்டது என்று. ஃபெல்ட் என்று கட்டைகளுக்கு அடியில் கம்பளிப் பட்டை ஒன்று இருக்குமாம். அது நசுங்கி இறுகிப் போனால் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் மோதுமாம். தடித்த கம்பளித் துணி எதுவும் போதும் என்றார். தடித்த கம்பளிக்கு நான் எங்கே போவேன்? எனக்குச் சிறிதாகிவிட்ட பள்ளிக்கூடக் கோட்டு இருந்தது.

சனிக்கிழமை அண்ணனுக்கு ஸ்பெஷல் கிளாஸ். கீபோர்டைக் கவிழ்த்து, திருகாணிகளைக் கழற்றித் தட்டில் வரிசையாக வைத்தேன். மட்கிய பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கோட்டை நாடா நாடாவாக, நடுவில் விரலையும் சேர்த்து, வெட்டி ஒட்டினேன். முதல்தடவை துணியை இரண்டாக மடித்துவிட்டேன். கட்டை முழுசாக அமுங்காமல் பாதி ஸ்வரங்கள் பேசவே இல்லை. எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு ஒற்றைத் துணியாக மறுபடி ஒட்டினேன். மாலைக்குள் கட்டைகள் பஞ்சில் கை வைத்ததுபோல் அமுங்கின.

அந்தக் கோட்டை அம்மா, பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பர்த்தன்வாலிக்காக எடுத்து வைத்திருந்தாளாம். ஓர் எவர்சில்வர் சம்புடத்தை நான் நாசமாக்கிவிட்டேன் என்று முதுகில் நாலு வைத்தாள். வாங்கிக்கொண்டேன். கீபோர்டு பிழைத்ததே, அது போதும் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சத்தமே இல்லை. கபாடிக்காரன் வந்து பேப்பரை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். அப்பா இரண்டு முறை தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். மறுநாள், பையன் வந்துவிட்டானா என்று அம்மாவிடம் படுக்கையிலிருந்தே மூன்று தடவை கேட்டார். செவ்வாய்க்கிழமை ரஜாயை உதறிவிட்டு எழுந்து வந்து அண்ணனுக்குப் பின்னால் நின்றார். காதில் ஹெட்போன் இருந்ததால் அவன் திரும்பவில்லை. அவன் விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

“இத யாரு செஞ்சா?”

“நாந்தாம்பா!” என்றேன், பாராட்டை வாங்கிக்கொள்ள நிமிர்ந்து.

“ஒன்ன யாருட்டி செய்யச் சொன்னா? மூணு நாளா கண்ண மூட முடியல. பய வந்தானா, எங்க சுத்துதான்னு ஒண்ணும் தெரியமாட்டேங்கு. எடுத்துப் போடு எல்லாத்தையும்!”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சத்தம் வருகிறது என்று மாதக்கணக்காகக் கத்தியவர் இவர். இப்போது சத்தம் வரவில்லை என்று கத்துகிறார்! எனக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும். “தும் சப் பாகல் ஹோ!” என்று அலறினேன். எல்லாரும் பைத்தியங்கள் என்றதற்கு அம்மா கையால் இன்னொன்று விழுந்தது.

அதைவிடப் பெரிய துரோகம் அண்ணன் செய்தது. அப்பா சொன்னது தெரிந்ததும் எனக்காக ஒரு வார்த்தை பேசினானா? ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, நான் ஒட்டியதையெல்லாம் அவனே உரித்துப் போட்டான். போதாததற்கு முகமெல்லாம் சிரிப்பு வேறு. பரீட்சையில் முதலிடம் வந்தவன்கூட அப்படிச் சிரிக்கமாட்டான்.

மறுநாள் இரண்டரை மணிக்கு டக்கு டக்கு ஆரம்பித்தது. முன்னைவிட மோசமாக, பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் இடித்தது. அப்பா அவனைத் திட்டினார். அண்ணன் நிறுத்தவில்லை. ஐந்தே நிமிடத்தில் அப்பாவின் குறட்டை கேட்டது.

ஒரு வாரம் நான் இருவரோடும் பேசவில்லை. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் விழித்திருக்கும்போது இவன் இருக்கமாட்டான், இவன் இருக்கும்போது அவர் தூங்குவார். அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பாவும் பிள்ளையும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டது அந்த டக்கு டக்கும் அந்தத் திட்டும்தான். அதைத்தான் என் கோட்டை வெட்டி அடைத்தேன் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன், அவ்வளவு கோபம்.