ஒரு நோயாளிக்கு மூன்று இடம்

எங்கள் நகரத்து ட்ராமில் மருத்துவமனை நிறுத்தம் வந்தால் எல்லோரும் ஒற்றை ஒற்றையாகவே இறங்குகிறார்கள். கையில் கட்டுப் போட்டவர், ஊன்றுகோல் பிடித்தவர், நிறைமாதப் பெண், யாருக்கும் கூட ஆள் இல்லை. பிரான்சுக்கு வந்து இத்தனை ஆண்டுகளாகியும் எனக்கு இது பழகவில்லை.

அந்தப் பாதைக்குக் கணக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன். நெரிசல் நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள், ஒரு வண்டி எத்தனை பேரை ஏற்றும், ஆகவே எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி விடவேண்டும் என்று மதிப்பிடுவது என் வேலை. மருத்துவமனை தந்த நோயாளிகள் எண்ணிக்கையை நான் யோசிக்காமல் மூன்றால் பெருக்கினேன். புதுச்சேரியில் வளர்ந்தவன். கோரிமேட்டு ஆஸ்பத்திரி வாசலில் பேருந்து நின்றால், பையும் ஃபிளாஸ்க்குமாக ஒருவர் முதலில் குதிப்பார். நோயாளியின் தோளைப் பிடித்தபடி இன்னொருவர் பின்னால் இறங்குவார். "நீ போயி சீட்டு போடு, நான் அம்மாவ இட்டாறேன்" என்ற குரல் கேட்காமல் அங்கே ஒரு பேருந்தும் காலியானதில்லை.

என் மேலாளர் மதாம் க்ளேர் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மற்ற இருவருக்கும் என்ன நோய்?"

"நோய் இல்லை, மதாம். ஒருவர் வரிசையில் நிற்பார். ஒருவர் சாப்பாடு கொண்டுவருவார்."

"சாப்பாடு மருத்துவமனையே கொடுக்கும்," என்றார், புதிதாக வந்தவனுக்கு விவரம் சொல்லும் அக்கறையோடு.

மூன்று ஒன்றாயிற்று. நான் கேட்ட வண்டிகள் குறைந்தன. அவர் கணக்கே சரி. இன்றுவரை அந்தப் பாதையில் இடமில்லாமல் யாரும் நின்றதில்லை.

போன மாதம் எனக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை. முந்தின நாள் புதுச்சேரி நெல்லித்தோப்பிலிருந்து அண்ணன் ஃபோனில் பேசினார்.

"கூட யாரு வர்றா?"

"யாரும் இல்லண்ணா. இங்க அப்படித்தான்."

"மயக்க ஊசி போட்டுக்கத் தனியாவா போவ? தடுப்பூசிக்கே அழுது தெருவையே கூட்டினவன்டா நீ!"

சிரித்தேன். ஃபோனை வைத்ததும் பயம் வந்தது. நான் கண் விழிக்கும்போது எதிரே தெரிந்த முகம் ஒன்றும் இருக்காது.

காலையில் ட்ராம் ஏறினேன். அடுத்த நிறுத்தத்தில் மதாம் க்ளேர் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்தார். விடுப்புக் கேட்டபோது காரணம் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். அவர் கையில் ஒரு ஃபிளாஸ்க்.

"உங்கள் கணக்குப்படி நான் இரண்டாவது ஆள். மூன்றாமவர் எங்கே?"

பதில் சொல்வதற்குள் ஃபோன் அடித்தது. அண்ணன். விஷயத்தைச் சொல்லி ஃபோனை க்ளேரிடம் நீட்டினேன். "மெர்சி, மதாம்! மெர்சி!" என்று அண்ணன் பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கத்தியதில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

மருத்துவமனை வந்தது. க்ளேர் ஃபோனை என்னிடம் திருப்பித் தந்து, என் பையை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினார்.

"படி பாத்து எறங்குடா!" என்றார் ஃபோனில் அண்ணன்.

இந்த ட்ராமுக்குப் படி கிடையாது. நான் பார்த்தே இறங்கினேன்.