வெள்ளிக்கிழமைக் கட்லட்

என் மச்சி சுஹைரா, என் புருஷனின் தங்கச்சி, குழம்புவதற்கென்றே பிறந்தவள். கடைக்கு அனுப்பினால் தேங்காய் வாங்குவதா, தேங்காய்ப்பால் மா வாங்குவதா என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்புவாள். அவள் சமையலும் தையலும் படிப்பிக்கும் மனைப்பொருளியல் டீச்சராகக் கல்வியியற் கல்லூரிக்குப் போனதும் பாவம் பிள்ளைகள் என்றுதான் நினைத்தேன்.

கடைசி வருஷப் பயிற்சிக்கு திருகோணமலை டவுனில் ஒரு தமிழ்ப் பெண்கள் பள்ளிக்கூடம் கிடைத்தது. நோன்பு மாதத்தில் எங்கள் கிண்ணியா முஸ்லிம் பள்ளிக்கூடங்களுக்கு லீவு. அவள் மட்டும் நோன்போடு பஸ் ஏறினாள். கல்லூரி விரிவுரையாளர் இராசமலர் மிஸ் வந்து அவளுடைய பாடத்துக்குப் புள்ளி போடும் நாள் வெள்ளிக்கிழமையில் விழுந்தது. தவறினால் இன்னொரு வருஷம் வீண்.

இந்துப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் மீனை விட்டுவிட்டு, கிழங்கும் கரட்டும் வைத்துக் கட்லட் செய்து காட்டினாள். உருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்தாள். தன் கெட்டித்தனத்தில் அவளுக்கே பெருமை.

"சாப்பிட்டுப் பார்த்து ருசி சொல்லுங்க."

ஒரு கையும் நீளவில்லை. கடைசியில் பிரசாந்தினி என்ற பிள்ளை எழும்பினாள். "டீச்சர், வெள்ளிக்கிழமையில நாங்கள் முட்டையும் சாப்பிடுறேல்ல. அப்பவே சொல்ல நினைச்சனாங்கள். மிஸ் பாத்துக்கொண்டிருந்தவ, அதால சொல்லேல்ல."

முட்டை எப்போதிருந்து மச்சமானது? குழம்பிப்போய் சுஹைரா இராசமலர் மிஸ்ஸைப் பார்த்தாள்.

"நானும் வெள்ளியில மரக்கறி மட்டும்தான். ஆனா ருசி பாக்காமல் பாடம் முடியாது, சுஹைரா. ஆராவது பாக்கத்தான் வேணும்."

மிஞ்சியது அவள்தான். சமைப்பவள் நாக்கு நுனியில் உப்புப் பார்த்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று உம்மா சொல்லியிருந்தார். அது வீட்டுக் கறிக்கு. புள்ளிக்காகப் பார்த்தால்? கேட்க ஆளில்லை. ஒரு துணுக்கை நாக்கில் வைத்தாள். ஓடிப்போய்த் துப்பி, வாயைக் கொப்பளித்தாள்.

"உப்புப் போடவே மறந்திட்டன்" என்றாள்.

பிரசாந்தினி கண் கலங்கி முன்னுக்கு வந்தாள். "எங்களாலதான் உங்கட நோன்பு போச்சு, டீச்சர். அப்ப நானும் சாப்பிடுறன்." கட்லட்டை எடுத்தும்விட்டாள்.

சுஹைரா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வையுங்க புள்ள. ஒருத்தி குழம்பினது போதும்."

இராசமலர் மிஸ் சித்தி போட்டார்; சுஹைரா தேறிவிட்டாள். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. நோன்பு முறிந்ததா என்று மௌலவியிடமும் கேட்கவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்து வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார, அவள் மட்டும் நோன்பு என்றாள். எதற்கு என்று கேட்டேன்.

"முறிஞ்சிருந்தா அந்த நோன்புக்குப் பதிலா, மச்சி. முறியல்லண்டா அந்தப் புள்ளைக்கு."