பல்கணிச் சாம்பல்

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் வீட்டில் சோற்றோடு ஒரு மோர்மிளகாயைக் கடித்தேன். பல்லில் ஒன்றும் நெருடவில்லை. இதையெல்லாம் ஒரு விஷயமென்று எழுத வந்துவிட்டாயா என்று கேட்பீர்கள். நெருடாத மோர்மிளகாய் எங்கள் வீட்டுக்கு இன்னும் பழகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வளர்ந்த ஜெர்மனியின் ஹம் நகரில் மோர்மிளகாய் போட முடியாது. மிளகாயைக் கீறி, உப்புத் தயிரில் ஊறவிட்டு, பிறகு நாள்கணக்கில் வெயிலில் காயவிட வேண்டும். அந்த வெயிலுக்கு எங்கே போவது? அம்மா ஒருமுறை ஹீற்றருக்கு மேலே தட்டை வைத்துப் பார்த்தார். மிளகாய் பூஞ்சணம் பிடித்தது. மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, உள்ளே ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று மிக மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார். அதன்பிறகு எங்களுக்கு மோர்மிளகாய் சிசிலித் தீவிலிருந்துதான் வந்தது.

அங்கே கத்தானியாவில் அம்மாவின் தங்கை ரீத்தாச் சித்தி இருந்தார். சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட இருவரில் அம்மா ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார். சித்தி இத்தாலியோடு நின்றுவிட்டார். வீடுகளில் துப்புரவு வேலை. மேல்மாடியில் ஒரு சின்ன வீடு, அதற்கு ஒரு பல்கணி, பல்கணிக்கு நேரே எட்னா எரிமலை. மலை குமுறினால் ஊர் முழுக்கக் கறுப்புச் சாம்பல் கொட்டும். அடுப்புச் சாம்பல் போல மெத்தென்று இருக்காது. கறுப்பு மணல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்தி காயப்போட்ட மிளகாயிலும் அது விழும். உதறித்தான் அனுப்புவார், என்றாலும் சாப்பிடும்போது கறுக்கென்று ஒன்று கடிபடும். பார்சலைத் திறந்தால் தயிர்ப் புளிப்பும் மிளகாய்க் காரமும் வரும். அடியில் வெடி கொளுத்தியது போல ஒரு மணம்.

பார்சலின் அடியில் சேர்ந்த சாம்பல் தூளைத் தீப்பெட்டியில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், என் சித்தி எரிமலையில் இருக்கிறார் என்று பெருமையடித்தேன். கூடப் படித்த ஒருத்தி விரலில் தொட்டு நக்கிப் பார்த்து, இது மிளகுத்தூள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மிளகாயோடு கிடந்த சாம்பல் உறைக்காமல் என்ன செய்யும்? என் மானம் கப்பலேறியது.

அம்மாவுக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. தொலைக்காட்சியில் நெருப்பைக் காட்டிய உடனேயே தொலைபேசிக்கு ஓடுவார்.

"எடியே, மலை பத்துதாம். ரீவியில காட்டுறாங்கள். நீ என்ன செய்யிறாய்?"

"பல்கணி கூட்டுறன் அக்கா."

"விசரி! உடுப்பை எடுத்துக்கொண்டு இஞ்ச வா."

"ஓம் ஓம், வாறன்."

வரமாட்டார். ஷெல்லுக்குத் தப்பி வந்தவள் வெடிக்கிற மலைக்குக் கீழே போய்க் குடியிருக்கிறாளே என்பது அம்மாவின் தீராத ஆற்றாமை. தங்கை பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. முதலில் விசா விடவில்லை. பிறகு இருவருக்கும் பாஸ்போர்ட் கிடைத்த பின்னும் சித்தி அசையவில்லை.

கடைசியில் அம்மா தானே கூட்டிவரப் புறப்பட்டார். என்னையும் ஒரு வெறும் சூட்கேசையும் கொண்டுபோனார். சூட்கேஸ் சித்தியின் உடுப்புகளுக்கு.

அங்கே நின்றபோது ஒரு மத்தியானம் மலை முழங்கியது. நான் வாயைப் பிளந்துகொண்டு பல்கணிக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. சாப்பாட்டு மேசைக்குக் கீழே, காதைப் பொத்திக்கொண்டு, துவாய்த் துணியைப் பல்லில் கடித்தபடி இருந்தார். ஷெல் விழும்போது அப்படித்தான் இருப்பார்களாம். அன்றுவரை நான் அதைப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சித்தி முதலில் கொடியில் கிடந்த உடுப்பையும் மிளகாய்த் தட்டையும் உள்ளே எடுத்தார். பிறகுதான் மேசைக்குக் கீழே புகுந்து அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"அக்கா, இது ஆளைப் பாத்து வெடிக்கிறேல்லை."

அம்மாவின் காதிலிருந்து ஒரு கையை மெல்ல விலக்கினார்.

"இதுக்கு ஒருத்தரோடையும் கோவமில்லை. நான் இஞ்ச நல்லா நித்திரை கொள்ளுறன் அக்கா."

சத்தம் அடங்கும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். வெளியே வந்த அம்மா, கூட்டுவதற்குத் தங்கை எடுத்த தும்புத்தடியைப் பறித்துப் பல்கணியைக் கூட்டத் தொடங்கினார். சாம்பலைப் பையில் கட்டித் தெருவில் வைத்தால் நகரசபை எடுத்துப் போகும் என்று சித்தி விளக்கினார். எந்தக் கிழமை என்று அம்மா கேட்டார். இங்கே வா என்ற பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவே இல்லை. சூட்கேஸ் நிறைய மோர்மிளகாயோடு திரும்பி வந்தோம்.

சித்தியை மலை ஒன்றும் செய்யவில்லை. சலரோகம் என்கிற சர்க்கரை வியாதி சிறுநீரகத்தில் இறங்கி, போன வருஷம் போய்ச் சேர்ந்தார். அங்கேயே அடக்கம் செய்தோம். வீட்டையும் உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. இப்போது மோர்மிளகாய் தமிழ்க் கடையில் பைக்கற்றில் வருகிறது. நல்ல சுத்தம். பொரிக்கும்போது புகை எச்சரிக்கைக் கருவி மட்டும் பழையபடி கத்துகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் தொலைக்காட்சியில் எட்னா எரிந்தது. அம்மா எழும்பவில்லை. எங்கள் ஆட்கள் எவரும் அந்த மலைக்குக் கீழே இருக்கக்கூடாது என்றுதான் இத்தனை காலமும் மன்றாடினார். இப்போது ஒருவரும் இல்லை. சோற்றுக் கை காயக் காயப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பல்கணியை இப்ப ஆர் கூட்டுறது?" என்றார்.