நான்கு பங்கும் ஒரு அரக்கு முத்திரையும்

"ஆபீஸ்ல எந்தக் கேள்விக்கும் பதில் உண்டு, ஆனா…" என்று என் அப்பா ஒரு பேச்சை ஆரம்பிப்பார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா அவர். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன சொல்வார் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலையில் பாதி, அடுத்தவர் அடுப்படியில் மூக்கை நுழைப்பது. மீதி, அங்கே பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் இருப்பது. இருபது வருஷம் சென்னையில் இதைச் செய்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் மாறுதல் கேட்டு வாங்கிச் சொந்த ஊரான திருநெல்வேலிக்கே வந்து சேர்ந்தேன். ஏதோ ஒரு ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நடந்தவரா நீங்கள்? மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கும் அதே எரிச்சல்தான் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திடீர் ஆய்வு

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வாழைக்காய் மண்டி. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கிறார்கள் என்று புகார். யாரிடமும் மூச்சுவிடாமல் காலை ஏழு மணிக்குப் போய் இறங்கினோம். தரை கழுவி ஈரம் காயவில்லை. வேலையாட்கள் தலையில் புதுத் தொப்பி. ஒருவர் தொப்பியில் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. கல் என்று பார்த்தால் வாசலில் துணி துவைக்கிற கல் ஒன்றுதான் இருந்தது.

மண்டிக்காரர் கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் எங்களை வரவேற்றார். "நேத்து வருவீங்கன்னுல்லா சார் சொன்னாங்க. அஞ்சு பேருக்கு இலை போட்டு வச்சிட்டுக் காத்துக் கிடந்தோம்."

காலண்டர்

புகார் எண் எழுதிய பலகை சாப்பிடுகிறவர் கண்ணில் படும்படி ஒவ்வொரு ஓட்டலிலும் தொங்க வேண்டும். விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு புரோட்டாக் கடையில் பலகை இருந்தது; அதன் மேல் முருகன் காலண்டரும் இருந்தது. நானே கழற்றிப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் போனால் முருகன் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது ஜனங்களுக்காக வச்ச நம்பர், எப்ப கூப்பிட்டாலும் எடுப்பாங்க, பாருங்க" என்று என் செல்போனில் அந்த எண்ணைப் போட்டு, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் வைத்தேன். முழு மணியும் அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை போட்டேன். புரோட்டா தட்டிக்கொண்டிருந்தவர்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

கடைக்காரர் பைய வந்து காலண்டரைச் சரியாக நிமிர்த்திவிட்டுச் சொன்னார்: "எடுக்கலையா சார்? அதான் மாட்டுனேன்."

எனக்கு எது?

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் நம்பி ஒரு புகாரோடு வந்தார். அவர் மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூட வாசல் கடையில் சிவப்புச் சர்பத் குடித்துவிட்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். அந்தக் கடையில் இன்னும் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள் என்றார்.

அன்றைக்கே அவரோடு போய்ச் சர்பத் எசன்ஸில் சாம்பிள் எடுத்தேன். சாம்பிளை நான்கு பங்காகப் பிரித்து, பாட்டிலில் அடைத்து, காகிதம் சுற்றி, நூல் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை குத்த வேண்டும். ஒன்று லேபுக்கு, இரண்டு மேலதிகாரியின் காவலில், ஒன்று கடைக்காரர் கேட்டால் வேறொரு லேபுக்கு. முத்திரை எப்படி இருக்கும் என்று காட்டுகிற மாதிரித் தாளை லேபுக்குத் தனி உறையில் அனுப்ப வேண்டும். பாட்டிலோடு சேர்த்து வைத்தால், நடுவழியில் பிரிக்கிறவன் இரண்டையும் மாற்றிவிடலாம்.

எல்லாவற்றையும் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற நம்பி, நான் கிளம்பும்போது கேட்டார்: "நாலு பங்கு போட்டீங்க சார். இதுல எனக்கு எது?"

திங்கட்கிழமை

லேப் அறிக்கை வந்தது. அனுமதி இல்லாத சாயம், குடிக்கத் தகுந்ததல்ல. இதன் நகல் கடைக்காரருக்குப் போகும், அவர் மேல்முறையீடு செய்யலாம் என்பதற்காக. புகார் கொடுத்தவருக்குப் போகாது. அது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

நம்பி திங்கட்கிழமைதோறும் பட்டறையைப் பூட்டிவிட்டு வருவார். தலைமை எழுத்தர் ஆறுமுகம் அண்ணாச்சி "நடவடிக்கையில இருக்கு" என்பார். அறிக்கை என் மேஜையிலேயே இருந்தது. நான் அதன் மேல் ஒரு கோப்பை வைத்துவிட்டுக் குனிந்து எழுதுவேன். தமிழிலும் இங்கிலீஷிலும் படித்ததால் மழுப்பலை இரண்டு மொழியிலும் கண்டுபிடித்துவிடுவேன், எழுதவும் தெரிந்திருந்தது.

நான்காவது திங்கட்கிழமை நம்பி உட்காரவில்லை. "அந்தக் கடைக்காரர்ட்டயே போய்க் கேட்டேன் சார். ரிப்போர்ட் பீரோவுல இருக்கு, உமக்கு எதுக்குவே காட்டணும்னுட்டாரு. வித்தவனுக்குத் தெரியுது, குடிச்ச பிள்ளையோட தகப்பனுக்குத் தெரியக்கூடாதா?"

மூன்றாவது கேள்வி

கடைக்காரர் மேல் நாங்கள் போட்ட வழக்கு விசாரணையில் தள்ளுபடி ஆனது. மாதிரி முத்திரைத் தாள் தனி உறையில் வரவில்லை, பாட்டில் பார்சலுக்குள்ளேயே இருந்தது என்று கடைக்காரரின் வக்கீல் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பார்சலைக் கட்டியவன் நான். மறுபடி சாம்பிள் எடுக்கப் போனேன். அன்றைக்குப் பார்த்து அங்கே எலுமிச்சைச் சர்பத் மட்டும்தான் இருந்தது. மறுநாள் சிவப்பு திரும்பிவிட்டது.

நம்பி தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார். லேத்தில் கடைந்தது மாதிரி மூன்றே கேள்வி. சர்பத்தில் என்ன இருந்தது? கடை ஏன் இன்னும் திறந்திருக்கிறது? இதற்கு யார் பொறுப்பு? பதில் எழுதும் தகவல் அலுவலர் பொறுப்பும் என் தலையில்தான்.

ஆறுமுகம் அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "மொதல் ரெண்டுக்கும் 'வழக்கு முடிக்கப்பட்டது'ன்னு எழுதுங்க. மூணாவதுக்கு 'கோப்பில் தகவல் இல்லை'. பொய்யில்ல பாத்துக்கிடுங்க, எந்தக் கோப்புல பொறுப்புன்னு தனியா ஒரு தாள் இருக்கு?"

"அப்ப அந்தப் பார்சல்?"

"அதை நீங்க சொல்லாம யாரு சொல்லப்போறா? சொன்னா மெமோ வரும். பதவி உயர்வு லிஸ்ட்டுல உங்க பேரு இருக்கு. கையெழுத்துப் போடுததுக்கு முன்னால ஒரு டீயக் குடிச்சிட்டு யோசிங்க."

டீ குடித்துவிட்டு வந்து, மாதிரி முத்திரைத் தாளைத் தவறாக வைத்தவன் நானே என்று மூன்றாவது கேள்விக்கு எழுதி, பெயரும் பதவியும் போட்டு, லேப் அறிக்கையின் நகலோடு நம்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.