அரண்மனை போட்ட கோப்பை

தோஸ்துங்களே, இன்னைக்கு எனக்கு நடந்த மரியாதையைக் கேளுங்க.

ஆம்பூர்ல தோல் தரகர் வீட்டு வாசலுக்குப் போயிருந்தேன். நாளைக்கு எங்க டேனரியில அவர் சரக்கைத் தரம் பிரிக்கப்போறது நான்தான். "வாங்க மேஸ்திரி"ன்னார். மத்த நாள்ல வெறும் "வாப்பா"தான். அப்பவே எனக்கு சந்தேகம் வந்துடுச்சு.

காபி வந்துச்சு. அவருக்குப் பித்தளை டம்ளர். எனக்குக் கைப்பிடி வச்ச பீங்கான் கோப்பை. அதுல நீலக் கோட்டுல பழங்காலத்து அரண்மனை ஒண்ணு, ஒவ்வொரு ஜன்னலும் செதுக்கினாப்ல இருந்துச்சு.

"இன்னா சாமி, எனக்குப் போய் இதுல?"

"சீமைக்குப் போன துரை குடுத்தது. உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்"னு சிரிச்சார்.

சரக்குல கத்திக்காயம் பட்ட தோல் ஜாஸ்தி போல, அதைத் தள்ளிவிடத்தான் இவ்ளோ உபசாரம்னு நினைச்சேன். காபியைக் குடிச்சுட்டு, தோலைப் பார்க்கற மாதிரியே கோப்பையை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன். ஒரு கீறல் கூட இல்லை.

கீழே வச்சேன். தரகர் அதைத் தொடல.

"அந்தத் தொட்டியாண்டை கழுவி, மாட்டுக் கொட்டாய் மாடத்துல கவுத்துட்டுப் போங்க மேஸ்திரி."

போய்ப் பார்த்தா, மாடத்துல கோப்பை அளவுக்கு வட்டமா ஒரு கறை. ரொம்பப் பழைய கறை.

நாளைக்கு அவர் தோலை ஒவ்வொண்ணா நான்தான் தொட்டுப் பார்க்கணும். அது அவருக்குத் தீட்டில்லை.

அதுக்குள்ள ஒண்ணு சொல்லுங்க. நம்ம சேரியில இந்த அரண்மனைக்கு எனக்கு முன்னாடி யாரெல்லாம் போய்ட்டு வந்தீங்க?